அளக்கிறவன் வாய் திறக்கக் கூடாது

திருப்பத்தூர் பக்கம் சாமையும் புளியும் வாங்கும் வியாபாரி ஒருவர் என்னைப் பல வருஷமாக ஊமை என்றே நினைத்திருந்தார். நானும் என் மனைவியும் மூட்டைகளை ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி அவர் கடைக்குப் போவோம். மூட்டையை இறக்குவது என் வேலை. பேசுவது அவள் வேலை. விலை பேசுவாள், அவர் வீட்டுக் கல்யாணம் காட்சியை விசாரிப்பாள், எடைக்கல்லைச் சந்தேகமாகப் பார்ப்பாள், அவரைச் சிரிக்க வைத்துவிட்டுக் காரியத்தை முடிப்பாள். நான் மூட்டையின் மேல் கை வைத்தபடி நின்றுகொண்டிருப்பேன்.

போன சித்திரையில் புளியோடு நான் மட்டும் போனேன். எங்கே அந்தம்மா என்று அவர் கண்ணாலேயே கேட்டார். எனக்குச் சைகைதான் புரியும் என்று அவர் நினைத்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வூட்ல உடம்பு சரியில்லைங்க" என்றேன்.

அவர் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "யோவ், நீ பேசுவியா? ஊமைன்னு பாவம் பாத்து வருசா வருசம் உனக்கு டீ வாங்கிக் குடுத்தனே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது ஜீப்பில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இதை வீட்டில் போய் அவளிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான், சொன்னாலும் அவள் பதிலுக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பேசுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே சுமைதான். மலையில் இருந்த விடுதிப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். எழுந்து நின்று சொல்லச் சொன்னால் வராது. யாராவது ஒன்று கேட்டால் பதிலை உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்ப்பேன். அதற்குள் கேட்டவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். எல்லோருக்கும் பேச்சு இப்படித்தான், உள்ளே கட்டி வெளியே அனுப்புவது என்று நினைத்திருந்தேன். கல்யாணம் ஆன பிறகுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது. அவளுக்கு நினைப்பதும் சொல்வதும் ஒன்றுதான். பல சமயம், சொன்ன பிறகுதான் தான் என்ன நினைத்தோம் என்றே அவளுக்குத் தெரியும். "நான் இன்னா சொன்னேன் பாத்தியா" என்று அவளே ஆச்சரியப்படுவாள்.

அதனால் வீட்டில் எனக்குப் பேச வேண்டிய தேவை குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பசிப்பதையும் அவளே சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பி பெண்டாட்டி இதை வைத்து எப்போதும் கிண்டல் செய்வாள். "அக்கா, மாமாவுக்கு வாயி இருக்குதா, இல்ல அதையும் நீயே வச்சிகினு கீறியா?" என் மனைவி சட்டென்று, "எனக்கு ஒண்ணு பத்தலன்னு அதையும் வாங்கிகினேன்" என்பாள்.

மாசி மாதத்தில் புளி உலுக்கும்போது அது நடந்தது. நான் மரத்தின் மேல் இருந்தேன். அவள் கீழே பழம் பொறுக்கிக்கொண்டு, யாரைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்தாள். கிளையை உலுக்கிய சத்தத்தில் நான் சரியாகக் கேட்கவில்லை. உலுக்குவதை நிறுத்தினேன். கீழேயிருந்து பேச்சு வந்துகொண்டுதான் இருந்தது. ஏற்ற இறக்கம் எல்லாம் அவளுடையதுதான். ஆனால் அதில் வார்த்தை ஒன்றும் இல்லை. பக்கத்து ஊர்ப் பேச்சைத் தூரத்திலிருந்து கேட்பது போல இருந்தது. இறங்கி வந்து பார்த்தபோது அவள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

ஜீப் கிடைத்து, மலை இறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். கால் திரும்பி வந்தது, மெதுவாக. கை பாதி வந்தது. பேச்சு மட்டும் ஒரே ஒரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. "அதான்."

தண்ணீர் வேண்டுமா என்றால் அதான். வேண்டாமா என்றால் அதான். வலிக்கிறதா, யார் இது, உன் பெயர் என்ன, எல்லாவற்றுக்கும் அதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கோபமாகவும், கெஞ்சலாகவும், கேள்வியாகவும், கிண்டலாகவும் சொன்னாள். டாக்டரைப் பார்த்து அவள் சொன்ன ஓர் அதானுக்குப் பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தே விட்டார்கள். பேச்சின் உடம்பு அப்படியே இருந்தது. எலும்புகளை மட்டும் யாரோ உருவியிருந்தார்கள்.

தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. ஆமாம் என்று ஆட்டுவாள், பிறகு முகம் மாறி இல்லை என்று ஆட்டுவாள், பிறகு எதை ஆட்டினோம் என்று தெரியாமல் என்னைப் பார்ப்பாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். சின்ன வயசு, பொறுமையானவர். இப்படி அடைப்பு வந்தவர்களுக்கு ஆமாம், இல்லை என்ற இரண்டும் இடம் மாறிப் போவது வழக்கம்தான் என்றார். வார்த்தைகள் அழிந்து போகவில்லை, அவற்றுக்குப் போகும் வழிதான் இடிந்து கிடக்கிறது என்றார். நாம் பேசுவது அவளுக்குப் பெரும்பாலும் புரியும், மெதுவாக, சின்னச் சின்னதாகச் சொல்ல வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இனிமே நீங்கதான் நிறையப் பேசணும். செய்ற வேலையெல்லாம் சொல்லிச் சொல்லிச் செய்யுங்க. நாள் பூரா அவங்க காதுல பேச்சு விழுந்துகிட்டே இருக்கட்டும்" என்றார்.

யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தோம். காலையில் எழுந்ததிலிருந்து பேசினேன். அடுப்பு மூட்டுறேன். தண்ணி ஊத்துறேன். மாட்டை அவுத்துக் கட்டப் போறேன். மழ வர்ற மாதிரி கீது. உனுக்குத் தல சீவப் போறேன். ஒரு வேலையைச் செய்வதைவிட அதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிடும். நிலத்தில் நாள் முழுக்க ஏர் பிடித்தபோதுகூட இப்படிக் களைத்ததில்லை. தம்பி பெண்டாட்டி சுவர் ஓரமாக நின்று கேட்டுவிட்டு, "மாமா ரேடியோ ஆயிட்டாரு. நிறுத்துற பட்டன்தான் எங்க கீதுன்னு தெரியல" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் மாலையில் அவளே குழம்பு கொண்டுவந்து வைப்பாள்.

நான் செய்த தவறு, என் மனைவியைக் குழந்தை மாதிரி நினைத்தது. எங்களுக்கு ஒரே மகள். அவள் பேச ஆரம்பித்த நாட்கள் எனக்கு நினைவிருந்தன. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா பேசிக்கொண்டே இருந்தாள், குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தது, ஒருநாள் கோழியைப் பார்த்து "போ" என்றது. அடுத்த மழைக்காலத்துக்குள் ஓயாமல் பேச ஆரம்பித்தது. அது போலவே இப்போதும் நடக்கும் என்று நம்பினேன். சொம்பைக் காட்டி, "சொம்பு. சொல்லு, சொம்பு" என்பேன். முறத்தைக் காட்டுவேன். விளக்கைக் காட்டுவேன். அவள் உதட்டைக் குவிப்பாள். கழுத்து நரம்பு புடைக்கும். "அதான்" என்று வரும். ஒருநாள் சொம்பைப் பிடுங்கி வீசி எறிந்தாள். அது அடுப்படியில் உருண்டு போய் நின்றது.

குழந்தைக்குச் சொம்பு என்ற வார்த்தை இல்லை, அது சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறது. இவளுக்கு அந்த வார்த்தை இருக்கிறது. பல வருஷமாக இருக்கிறது. சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கதவு திறக்காமல், வீடு எது என்று சொல்லிக் கொடுக்கப்படுகிறவளின் கோபம் அது. அதற்குப் பிறகு நான் பொருள்களைக் காட்டவில்லை. பேச்சை மட்டும் நிறுத்தாமல் இருந்தேன், யாரோ விதித்த வேலை மாதிரி.

ஆனி மாதம் விதைச் சாமையை எடுத்து அளந்தேன். எங்கள் பக்கத்தில் அளக்கிறவர் ஒருவர், எண்ணுகிறவர் ஒருவர். அளக்கிறவன் வாய் திறக்கக் கூடாது. மூச்சும் எச்சிலும் தானியத்தில் படக் கூடாது என்பார்கள். பேசினால் கணக்குத் தவறும் என்றும் சொல்வார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் ஒவ்வொரு மரக்காலுக்கும் குரல் கொடுக்க வேண்டும். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் சொல்வது. லாபம், ரெண்டு, மூணு என்று இருபது வரை போய், ஒரு புளியங்கொட்டையை ஓரமாக வைத்துவிட்டு, மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்குவோம். கல்யாணம் ஆன முதல் வருஷத்திலிருந்து நான் அளக்க, அவள்தான் எண்ணினாள்.

அன்று யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. கொஞ்சம் விதைதானே என்று நானே உட்கார்ந்தேன். அவள் சுவரில் சாய்ந்து எதிரே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பேசிப் பேசிக் களைத்திருந்த எனக்கு, மரக்காலைக் கையில் எடுத்ததும் ஒரு நிம்மதி வந்தது. இந்த வேலைக்குப் பேச வேண்டாம். வாயை மூடிக்கொண்டேன். சாமையை அள்ளி நிரப்பி, மேலே கையால் வழித்து, அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தேன். குரல் வந்த பிறகு கொட்டுவதுதான் பழக்கம். கை அந்தப் பழக்கத்தில் நின்றது. குரல் வராது என்பது கைக்குத் தெரியவில்லை.

"லாபம்" என்றாள்.

பழைய குரல். கொஞ்சமும் குழறாத குரல். நான் கொட்டினேன். அடுத்ததை நிரப்பினேன். "ரெண்டு" என்றாள். கொஞ்சம் சாமை வெளியே சிந்தியது. "மூணு." விதைக்கு அவ்வளவுதான். நான் மரக்காலைக் கீழே வைத்தேன். அவள் நிறுத்தவில்லை. நாலு, அஞ்சு, ஆறு என்று போனாள். இருபது வந்தது. மறுபடியும் லாபம் என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். முதலில் இருந்த சந்தோஷம் போய், கண்ணில் பயம் வந்தது. அவள் எண்ணவில்லை, எண்ணிக்கை அவளை இழுத்துக்கொண்டு போனது. நான் தண்ணீர்ச் சொம்பை வாயில் வைத்த பிறகுதான் நின்றது. குடித்துவிட்டு அழுதாள். "அதான்" என்றாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பயிற்சிப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். முன்பு அவர் விரலைக் காட்டி ஒன்று இரண்டு சொல்லச் சொன்னபோது அவளுக்கு எதுவும் வரவில்லை. எங்களுக்கு ஒன்று என்று தொடங்குவதில்லை என்று விளக்கினேன். அவர் சிரித்து, இது தெரியாமல் நான் தப்பான வாசலைத் தட்டிகிட்டு இருந்தேனே என்றார். மேஜையில் இருந்த டம்ளரைத் தூக்கிப் பிடித்துப் பேசாமல் இருந்தார். இவள் லாபம் என்றாள். ஓடியது எண்ணிக்கை.

ஆனால் அவர் என்னைப் போல அதில் மயங்கவில்லை. வாய்க்குப் பழகிப் போன வரிசைகள், எண், வாய்ப்பாடு, சாமி பேர், கெட்ட வார்த்தை இவையெல்லாம் பேச்சு இருக்கும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை, அடைப்பு தொடாத வேறு இடத்திலிருந்தும் வரும் என்றார். அதனால் இதைப் பேச்சு திரும்பி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம் என்றார். ஐந்து விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அவள் லாபத்திலிருந்து தொடங்கி ஐந்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

"தானா ஓடுதுங்க. எங்க நிக்கணும்னு அவங்களே நிறுத்தினா, அதுதான் நமக்கு வேணும்" என்றார். பிறகு கேட்டார், "அன்னிக்கு நீங்க பேசாம இருந்தீங்க, இல்லையா?"

ஆமாம் என்றேன்.

"பேசுங்கன்னு நான்தான் சொன்னேன். நடுவுல இடம் விடுங்கன்னு சொல்ல மறந்துட்டேன். அவங்க முறை வரணும் இல்ல?"

அவள் பேசிய காலத்தில் எனக்காக எவ்வளவு இடம் விட்டிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். அதிகம் விடவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. ஆனால் இப்போது நான் விட வேண்டும். பேசுவதைவிட அது சிரமமாக இருந்தது. ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஒன்றும் வராது. வராது என்று தெரிந்தும் காத்திருக்க வேண்டும். பிறகு அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

ஐப்பசியில் மகள் வந்தாள். மகளும் மருமகனும் கணியம்பாடியில் இருக்கிறார்கள். அவர் அங்கே டிராக்டர் பழுது பார்க்கிறார். அவர்களுக்குப் பேச்சு வரத் தொடங்கியிருக்கும் ஒரு பெண் குழந்தை. மகள் என்னைப் பார்த்ததும், "இன்னாப்பா, இப்பிடி எளச்சிட்ட" என்றாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போகிறேன் என்றாள். அறுப்பும் அளவும் முடியட்டும், கார்த்திகையில் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம், வாரா வாரம் பயிற்சிக்குப் போகலாம், குழந்தை நாள் முழுக்க மழலை பேசிக்கொண்டிருக்கிறது, அம்மாவும் அதோடு சேர்ந்து பேசிவிடும் என்று அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நிலத்தையும் மாட்டையும் விட்டு நான் வர முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

எனக்கு முதலில் தோன்றியது தூக்கம்தான். ஒருநாள் முழுக்க யாரோடும் பேசாமல், எதையும் சொல்லாமல், வேலையை வெறும் வேலையாகச் செய்துவிட்டுப் படுத்துத் தூங்கலாம். அதற்குப் பிறகுதான் அவள் இல்லாத வீடு நினைவுக்கு வந்தது. இரண்டில் எது எனக்கு வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

அவளுக்கு எது வேண்டும் என்பதுதான் கேள்வி. "யம்மா, எங்கூட வர்றியா?" என்று மகள் கேட்டாள். "அதான்" என்று அவள் மகளின் கன்னத்தைத் தொட்டாள். "வர்றேன்னு சொல்லுது" என்றாள் மகள். மகள் போன பிறகு தம்பி பெண்டாட்டி வந்து, "அக்கா, எங்கள வுட்டுட்டுப் போறியா?" என்று கேட்டாள். அவளுக்கும் ஓர் அதான் கிடைத்தது. "எங்கியும் போமாட்டேன்னு சொல்லுது மாமா, கேட்டீங்களா?" என்றாள். ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதை அந்த ஒரு வார்த்தையில் கேட்டுக்கொண்டார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். துணிப்பையையும் முறத்தையும் முன்னால் வைத்து, மகள் வீடா, நம் வீடா என்று கேட்டேன். பையைத் தொட்டாள். பிறகு முறத்தைத் தொட்டாள். பிறகு இரண்டையும் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க ஊருக்கே யோசனை சொன்னவள், தன் விஷயத்தில் ஒரு முடிவைச் சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அறுப்பு முடிந்தது. நாள் முழுக்கப் பேசும் பேச்சில் இதையும் ஒருநாள் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதைச் சொல்வது போலவே சொன்னேன். "இந்த வருசம் வூட்டுக்கு எட்டு மரக்கா போதும். நீ அங்க போற. நான் ஒருத்தன்தான." சொல்லிவிட்டு அவளுக்கு இடம் விட்டுக் காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அன்று அதான்கூட வரவில்லை.

வீட்டுச் சாப்பாட்டுக்கு நாங்கள் ஒதுக்குவது பதினாறு மரக்கால். மகள் இருந்தபோது இருபத்து நாலு. அவள் கல்யாணமாகிப் போன வருஷம் பதினாறிலேயே நிறுத்தச் சொன்னது என் மனைவிதான். அப்போது மரக்காலின் வாயில் கையை வைத்து, "இனிமே இவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கார்த்திகையில் மகள் காரோடு வந்தாள். களத்திலிருந்து வந்த சாமை நடுவீட்டில் குவிந்திருந்தது. வீட்டுக்கு வேண்டியதை அளந்து தானியக் குதிரில் போட்டுவிட்டால் மீதியை மூட்டை கட்டலாம், அதை முடித்துவிட்டே கிளம்பட்டும் என்றேன். மகள் அம்மாவின் சேலைகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி வாசற்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நான் குவியலின் முன் உட்கார்ந்தேன். என் மனைவி தானாகவே எழுந்து, காலை இழுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மரக்காலை நிரப்பி, வழித்து, பிடித்துக்கொண்டேன்.

"லாபம்."

மகள் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த சேலையோடு அப்படியே நின்றாள். ரெண்டு, மூணு, நாலு. குதிரில் சாமை விழும் சத்தமும் அவள் குரலும் மாறி மாறி வந்தன. எனக்குக் கண் எரிந்தது. தூசி என்று நினைத்துக்கொண்டேன். ஆறு. ஏழு. எட்டு.

எட்டாவதைக் கொட்டிவிட்டு நான் மரக்காலைக் கீழே வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இடது கையால் மரக்காலை என் பக்கம் நகர்த்தினாள். நான் சும்மா இருந்தேன். மறுபடியும் நகர்த்தினாள், இந்த முறை என் முழங்காலில் இடிக்கும்படி. நிரப்பினேன்.

"ஒம்போது" என்றாள்.

"அதுக்கு நிறுத்தத் தெரியாதுன்னு நீதான சொன்னப்பா" என்றாள் மகள் மெதுவாக. "நீயும் அளந்துகினே இருந்தா அது எங்கதான் போய் நிக்கும்?"

எனக்கும் அந்தப் பயம்தான். இருபது வரும், லாபம் வரும், கண்ணில் அந்தப் பயம் வரும், நான் சொம்பை எடுக்க வேண்டும். ஆனால் அளக்கிறவன் பேசக் கூடாது. பத்து என்றாள், கொட்டினேன். பதினொன்னு என்றாள். பன்னெண்டு. குரல் முன்பு போல ஓடவில்லை. ஒவ்வொன்றும் இழுத்து வந்தது, சுமையோடு மேடு ஏறுகிறவளின் மூச்சு மாதிரி. பதிமூணில் நெற்றி வேர்த்தது. பதினாலு. பதினஞ்சு சொல்வதற்கு முன்னால் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டாள். அவ்வளவு நேரமும் நான் மரக்காலைப் பிடித்தபடி இருந்தேன். கை வலித்தது.

"பதினாறு" என்றாள்.

கொட்டினேன். பழக்கத்தில் கை அடுத்ததை நிரப்பப் போனது. அதற்குள் அவள் தன் இடது கையால் வலது கையைத் தூக்கினாள். தானியத்தில் இடது கை படக் கூடாது என்பதால் அந்தச் சிரமம். மடியிலிருந்து தூக்கி, என் கையைத் தள்ளிவிட்டு, காலி மரக்காலின் வாயில் அதை வைத்தாள். விரல்கள் முழுவதும் விரியவில்லை. அதன் மேல் இடது கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். உதடு பதினேழுக்காகத் துடித்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அது கடந்து போகும் வரை காத்திருந்தாள். பிறகு தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.

பதினாறு என்றால் என்ன என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மகள் பையைக் கவிழ்த்து, சேலைகளை எடுத்துப் பழையபடி கொடியில் போட்டாள். அவளுக்குக் கோபம். "சரி, ரெண்டு பேரும் இங்கியே கெடங்க. அங்க வந்தா சரியாவும்னு சொன்னா யாரு கேக்கறீங்க" என்றாள். தம்பி பெண்டாட்டி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறாவது துன்னுட்டுப் போ" என்றாள். மகள் சாப்பிட்டாள். அம்மாவுக்கும் ஊட்டினாள். மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "நீயும் ஒடம்பப் பாத்துக்கப்பா" என்றாள். நான் தலையாட்டினேன்.

எனக்கு அன்று மகிழ்ச்சி வந்ததா என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த நீண்ட தூக்கம் கை நழுவிப் போனதும் தெரிந்தது. நாளைக்கும் பேச வேண்டும், அடுத்த நாளும் பேச வேண்டும், பேசிவிட்டு இடம் விட வேண்டும். பயிற்சிப் பெண் பிறகு சொன்னார், நல்ல அறிகுறிதான், ஆனால் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல முடியாது என்று. நான் இதை எழுதும் இன்றைக்கு அவளுக்கு நாலைந்து வார்த்தை வருகிறது. அதில் ஒன்றைச் சொல்லி மாட்டை விரட்டுகிறாள். எத்தனை என்று கேட்டால், லாபத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே போய், வேண்டிய எண்ணில் நின்று, அதை மட்டும் உரக்கச் சொல்கிறாள். சில நாள் அதுவும் தவறுகிறது. மற்றதெல்லாம் அதான்தான்.

அன்று கார்ச் சத்தம் வளைவில் மறைந்த பிறகு உள்ளே வந்தேன். அவள் இன்னும் மரக்காலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைகளில் சாமைத் தூசி.

"குதிர் வாய மூடப் போறேன்" என்றேன்.

சொல்லிவிட்டு, மூடாமல் காத்திருந்தேன்.